நம்பர் இல்லாத கேம் ஷாஃப்ட்! உங்களுக்குத் தெரியுமா?

இலங்கையின் மலைநாட்டில் ஏதாவதொரு பழைய கராஜின் மூலையைக் கிளறிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கேறிய இரும்புத் தண்டு ஒன்று அகப்படலாம். உடம்பில் எட்டு மூக்கு. பெயர் கிடையாது. நம்பர் கிடையாது. பழைய இரும்புதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கேம் ஷாஃப்டாக இருக்கலாம்!

வால்வு எப்போது திறக்க வேண்டும்? எவ்வளவு திறக்க வேண்டும்? எப்போது மூட வேண்டும்? மூன்றையும் முடிவு செய்வது அந்த மூக்குதான். தண்டின் முனையிலிருந்து பார்த்தால் முட்டை மாதிரி இருக்கும். அந்த முட்டை சற்றே பருத்தால் போதும், காரின் குணமே மாறிவிடும்!

எஞ்சின் 3,000 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். கேம் ஷாஃப்ட் அதில் பாதி, 1,500 சுற்று. வால்வுகள் எட்டு. ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 7,20,000 திறப்புகள்! ஒன்றரை மணி நேரம் மலையேறினால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும்!

நுவரெலியாவின் மாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் எந்த ஆண்டு தொடங்கியது தெரியுமா? 1934! நாட்டுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு 14 ஆண்டுகள் முன்பே! தேயிலைத் தோட்டத்து வளைவுகளில் கடிகாரத்தோடு மோதும் பந்தயம். சிலோன் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துவது. ரதல்லவிலும் இப்படியொரு மலையேற்றப் பந்தயம் உண்டு!

நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். கொழும்பில் 50 குதிரைச் சக்தி காட்டிய பழைய கார் நுவரெலியா சந்தையடிக்கு வந்து சேரும்போது சுமார் 40 குதிரைகளோடுதான் நிற்கும். பத்துக் குதிரை வழியிலேயே காணாமல் போச்சு!

அதே உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ராம்பொடை ஏற்றத்தில் பழைய கார்கள் ஏன் ஆவி கக்கிக்கொண்டு ஓரம் கட்டின என்று இப்போது புரிகிறதா? 6 டிகிரி குறைவு!

சரி, நம்பர் இல்லாத தண்டுக்கு வருவோம். முத்தான தகவல் இதுதான். கேம் ஷாஃப்டின் நடுவில் வார்ப்பு எழுத்தாகப் புடைத்து நிற்கும் நம்பரை நம்பவே நம்பாதீர்கள். அது வார்ப்படச் சாலை போட்ட நம்பர். வெறும் தண்டின் நம்பர். மூக்கை எந்த வடிவத்தில் சாணை பிடித்தார்கள் என்பது வேறு கதை. ஒரே வார்ப்பில் வந்த இரண்டு தண்டுகள், ஒன்று குடும்பக் காருக்கு, ஒன்று பந்தயக் காருக்குப் போயிருக்கலாம். வெளியே ஒரே நம்பர்!

மூக்கின் வடிவத்தைச் சொல்லும் நம்பர் பெரும்பாலும் தண்டின் முனையில்தான் குத்தப்பட்டிருக்கும். ஆனால் பழைய கேமை மறுசாணை பிடித்தவர் புது நம்பர் குத்தாமல் விட்டிருந்தால்? பழைய நம்பர் பச்சைப் பொய் சொல்லும்! நம்பர் இல்லாத தண்டைவிட, தப்பான நம்பர் உள்ள தண்டுதான் ஆபத்து. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடையாளம் காண நான்கே நான்கு எண்கள் போதும் தெரியுமா? இன்லெட் வால்வு திறப்பது, மூடுவது. எக்ஸாஸ்ட் வால்வு திறப்பது, மூடுவது. எல்லாம் டிகிரியில்.

இதோ மொறிஸ் மைனரின் நான்கு எண்கள்: 5, 45, 40, 10. இன்லெட், பிஸ்டன் உச்சிக்கு வருமுன் 5 டிகிரியில் திறக்கும். அடியைத் தாண்டி 45 டிகிரியில் மூடும். இடையில் உள்ள 180-ஐயும் கூட்டுங்கள். வால்வு திறந்திருக்கும் காலம் 230 டிகிரி! எக்ஸாஸ்டையும் கூட்டிப் பாருங்கள். அதுவும் 230!

இப்போது எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்: 16, 56, 51, 21. கூட்டினால் 252! மைனரைவிட 22 டிகிரி கூடுதல். அந்த 22 டிகிரியில்தான் ஸ்போர்ட்ஸ் காரின் சீற்றமே ஒளிந்திருக்கிறது!

பி.எம்.சி. கம்பனியின் ஸ்பெஷல் டியூனிங் பிரிவு மினி, ஸ்பிரைட் கார்களுக்குக் கொடுத்த புகழ்பெற்ற '731' கேமின் எண்கள் என்ன தெரியுமா? 16, 56, 51, 21. அச்சு அசலாக எம்.ஜி.பி. எண்கள்! எஞ்சின் வேறு, அளவு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றது நுழையவே நுழையாது. ஆனால் நான்கு எண்களும் ஒன்றே!

அதன் அண்ணன் '648'. முழுப் பந்தயக் கேம். 50, 70, 75, 45. கூட்டிப் பார்த்தால் 300 டிகிரி! எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் 720 டிகிரி. அதில் 300 டிகிரிக்கு இன்லெட் வால்வு திறந்தே கிடக்கிறது!

இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடைவேளை ஒன்று உண்டு. மைனருக்கு 15 டிகிரி. 731-க்கு 37. 648-க்கு? 95! ஐட்லிங்கில் அது குலுங்கிக் குலுங்கி நிற்பது இதனால்தான்.

கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிறீர்களா? பொறுங்கள். ஒரே சிலிண்டரின் இன்லெட் மூக்குக்கும் எக்ஸாஸ்ட் மூக்குக்கும் இடையில் உள்ள கோணம், மைனர் கேமில் 107.5 டிகிரி. 731-இல்? அதுவும் 107.5! அரை டிகிரிகூட வித்தியாசம் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அனுபவஸ்தர்களின் கண்ணே ஏமாறும். 648-இல் மட்டும் 102.5!

அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்கிறேன். இதை ஹட்டனில் உள்ள ஒரு சாதாரண லேத் கடையிலேயே செய்துவிடலாம்!

தண்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். ஒட்டிய அழுக்கு ஒரு நூலளவு இருந்தாலும் அளவு பிசகும். இரண்டு வி-பிளாக் மேல் படுக்க வையுங்கள். முனையில் டிகிரி தட்டு. மூக்கின் மேல் டயல் கேஜ் முள். இப்போது மெதுவாகச் சுற்றுங்கள். முட்டையின் உருண்டையான முதுகுப் பக்கம் வரும்போது முள் அசையாமல் நிற்க வேண்டும். அங்கேயே முள் ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் அளக்காதீர்கள், வீண்!

முள் நின்றதா? சுழியத்தில் வைத்துச் சுற்றுங்கள். முள் மேலேறும். உச்சிக்கு வந்ததும் சில டிகிரிக்கு அசையாமல் நிற்கும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உச்சி எது என்று முள்ளைப் பார்த்துச் சொல்லவே முடியாது! உச்சிக்கு முன் ஓர் உயரத்தைக் குறியுங்கள். உச்சியைத் தாண்டி அதே உயரம் வரும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் உச்சி. சமச்சீரான எந்த மூக்குக்கும் பலிக்கும் வித்தை இது!

தட்டில் கிடைத்த டிகிரியை அப்படியே எழுதிவிடாதீர்கள். இரண்டால் பெருக்குங்கள்! கேம் ஷாஃப்டின் 126 டிகிரிதான் எஞ்சினின் 252. பெருக்க மறந்தால் ஒரு ஸ்போர்ட்ஸ் கேம் உங்கள் கையிலேயே உருத்தெரியாமல் போய்விடும்!

இன்னொரு பொறி. கையேட்டில் உள்ள நான்கு எண்களும் ஒரு குறிப்பிட்ட டேப்பட் இடைவெளியில் எடுத்தவை. மைனர் ஓடும்போது இடைவெளி 0.012 அங்குலம். டைமிங் சரிபார்க்கும் இடைவெளி அதைவிட அதிகம். சுழியத்திலிருந்து அளந்தால் சாதுவான கேமும் பந்தயக் கேம்போல நீளமாகத் தெரியும்!

எந்த மூக்கு இன்லெட், எந்த மூக்கு எக்ஸாஸ்ட்? மைனரிலும் எம்.ஜி.பி.யிலும் ஒரே வரிசை. முன்னாலிருந்து எண்ணுங்கள். 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்!

இந்த எஞ்சின்களில் டேப்பட் வைக்க ஒரு மந்திர எண் உண்டு. ஒன்பது! எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யுங்கள். ஆறாவது திறந்தால் மூன்றாவது. எப்போதும் கூட்டினால் 9!

மைனர், மினி குடும்பத்துத் தண்டா என்று நொடியில் சொல்ல வேண்டுமா? பின்முனையைத் திருப்பிப் பாருங்கள். எண்ணெய்ப் பம்பைச் சுழற்றும் இடம் அது. குறுக்கே ஒரு முளையா? நட்சத்திரத் துண்டா? வெட்டிய பள்ளமா? ஒரே எஞ்சின் குடும்பம், மூன்று விதமான முனை. எண்ணெய்ப் பம்ப் பொருந்தவில்லை என்றால் உலகத்தின் சிறந்த கேமும் உங்கள் எஞ்சினுக்கு உதவாது!

இப்போது நம் தேடலின் மகுடம். எம்.ஜி. டி.சி.! 1945 முதல் 1949 வரை 10,000 கார்கள். எஞ்சின் பெயர் எக்ஸ்.பி.ஏ.ஜி. கொள்ளளவு 1,250 சி.சி. அதன் கேம் எண்கள் 11, 57, 52, 24. இன்லெட் 248, எக்ஸாஸ்ட் 256. இரண்டும் சமமில்லை! அந்த எட்டு டிகிரிதான் அதன் மச்சம்!

அடுத்து வந்தது எம்.ஜி. டி.டி. அதன் பிந்திய எஞ்சின்களில் கேமை மாற்றிவிட்டார்கள். 5, 45, 45, 5. கூட்டினால் 230! ஆமாம், புதிய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பழையதைவிடச் சாதுவான கேம். இதைக் கேட்டு நம்பாதவர்கள்தான் அதிகம்!

அதே மாற்றத்தில் டேப்பட் இடைவெளியும் மாறியது. முந்தியது 0.019 அங்குலம். பிந்தியது 0.012. எந்தக் கேம் உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் தப்பான இடைவெளி வைத்தால்? பழைய கேமுக்கு 0.012 வைத்தால் வால்வு சரியாக அமராமல் எரிந்துபோகலாம். புதியதற்கு 0.019 வைத்தால் கடகடவென்று சத்தம் போடும். வித்தியாசம் 0.007 அங்குலம்தான்!

அந்த எம்.ஜி. எஞ்சினின் போல்ட்களைக் கழற்றியவர்களுக்குத் தலை சுற்றும். மரை மில்லிமீட்டர் கணக்கு. தலையோ பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பேனருக்குத்தான் பொருந்தும்! காரணம், பிரெஞ்சுக் கம்பனியான ஹாட்ச்கிஸ் கவென்ட்ரியில் வைத்திருந்த தொழிற்சாலையை மொறிஸ் கார்க் கம்பனியின் முதலாளி 1923-இல் வாங்கினார். இயந்திரங்கள் எல்லாம் மீட்டர் முறையில்! ஒரே போல்ட்டில் இரண்டு நாடுகள்!

இந்த ஆச்சரியத்தைப் பாருங்கள். டிரையம்ஃப் டி.ஆர். 2 ஸ்போர்ட்ஸ் கார், 1953-இல் பெல்ஜியத்தின் ஜாப்பெக் சாலையில் மணிக்கு 124 மைல் வேகம் காட்டியது. அதன் எஞ்சின் எந்த வாகனத்தின் நெருங்கிய சொந்தம்? ஃபெர்குசன் டிராக்டர்! உழவு டிராக்டரும் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே ஸ்டாண்டர்ட் கம்பனி எஞ்சின் குடும்பம். டிராக்டர் கொட்டகையில் கிடக்கும் தண்டையும் இனி ஒரு முறை அளந்து பார்ப்பீர்கள்தானே?

டி.ஆர். 2 எண்கள் 15, 55, 55, 15. முன்னால் வாசித்தாலும் பின்னால் வாசித்தாலும் ஒன்றே!

தமிழ்நாட்டு வாசகர்களே, உங்களுக்கும் ஒன்று. அம்பாசிடர் காரில் பல்லாண்டு ஓடிய 1,489 சி.சி. எஞ்சினும், எம்.ஜி.ஏ. 1500 ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம்! சென்னை சென்ட்ரல் வாசலில் வரிசை கட்டி நின்ற டாக்சிகளின் பானெட்டுக்குள் ஸ்போர்ட்ஸ் கார் ரத்தம்!

கவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ற பந்தய எஞ்சின் முதலில் எதற்காகப் பிறந்தது? தீயணைப்புப் பம்புக்கு! அதே கம்பனியின் எஞ்சின்களோடுதான் ஜாக் பிராபம் 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார்!

ஜாகுவாரின் எக்ஸ்.கே. எஞ்சினுக்குத் திட்டம் போட்ட இடம் எது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குண்டு விழுந்து தீப்பிடிக்கிறதா என்று இரவுக் காவல் இருந்த தொழிற்சாலையில்! காவல் இருந்தவர்கள் ஜாகுவார் தலைவர் வில்லியம் லயன்ஸ், அவருடைய பொறியியலாளர்கள் ஹெய்ன்ஸ், ஹாசன், பெய்லி. விடிய விடிய எஞ்சின் பேச்சு. அதிலிருந்து வந்த எஞ்சின் 1992 வரை உற்பத்தியில் இருந்தது!

அதே எக்ஸ்.கே. எஞ்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1951, 1953, 1955, 1956, 1957 என ஐந்து முறை வென்றது. பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்கார்பியன் டாங்கிக்குள்ளும் போய் உட்கார்ந்தது! பந்தயத் திடலிலிருந்து போர்க்களத்துக்கு!

எக்ஸ்.கே. கேமை அடையாளம் காண ஒரு மைக்ரோமீட்டர் போதும். தொடக்க காலச் சாதாரணக் கேம் வால்வைத் தூக்குவது 5/16 அங்குலம். சி-டைப் பந்தயக் காருக்குப் போட்டது 3/8 அங்குலம். வித்தியாசம் 1/16 அங்குலம். ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். லெ மானில் வென்ற காருக்கும் வீட்டுக் காருக்கும் நடுவே இருந்தது இந்தத் துளி இரும்பும்தான்!

1948 லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கார்க் கண்காட்சி. ஒரே கூரையின் கீழ் இரண்டு புதுமுகங்கள். ஒன்று 120 மைல் வேகம் போகும் ஜாகுவார் எக்ஸ்.கே. 120. மற்றது? நம் மொறிஸ் மைனர்! இலங்கை சுதந்திரமடைந்த அதே ஆண்டு!

மைனரின் பானெட் நடுவில் ஒரு தட்டைப் பட்டை ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ், மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். அந்த 4 அங்குலம்தான் அது!

10 லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் மைனர். அதைக் கொண்டாட மங்கிய ஊதா நிறத்தில் 350 கார்கள். அவற்றின் பெயர்ப்பட்டை 'மைனர் 1000000'!

பிரிட்டனில் மைனர் கார்களைப் பழுதுபார்க்க உதிரிப்பாகம் எங்கிருந்து போனது தெரியுமா? இலங்கையிலிருந்து! இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் மையம் நடத்திய சார்லஸ் வேர், 1990-களில் தகடுகளை இங்கேதான் செய்வித்தார். பிறந்த ஊருக்கு நம் நாட்டுச் சாமான்!

நம் நாட்டில் பெயரில்லாத கேம் ஷாஃப்ட் கிடைத்தால் வியப்படைய வேண்டியதில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுச் சாமான் குதிரைக் கொம்பு. தேய்ந்ததைச் சாணை பிடித்து, நிரப்பி, மறுபடி சாணை பிடித்து ஓட்டினார்கள். எதிலும் நம்பர் குத்த யாருக்கும் நேரமில்லை. அந்தப் பட்டறைக்காரர்களின் கைத்திறமைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்!

1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. வெள்ளைத்துரைமார்களின் காலம் முடிந்தது. பங்களாக் கராஜ்களில் ஒரு காலம் நின்ற பிரிட்டிஷ் கார்களின் உதிரிகளை இன்று தேட வேண்டிய இடம் எது? கொழும்பு பஞ்சிகாவத்தை! அந்தத் தெருவில் கிடைக்காத சாமான் கிடையாது என்பது ஊரறிந்த சொல்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக்கான கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள்! பழைய காரைப் போற்றத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் காலம் கைகொடுத்தது.

கேம் ஷாஃப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழலும் என்று மேலே சொன்னேன். விதிவிலக்கு வேண்டுமா? ஹட்டன், நானுஓயா வழியாக ஏறும் மலைநாட்டு ரயிலைப் பாருங்கள்! 1954-இல் கனடா கொடுத்த எம்-2 டீசல் எஞ்சின்கள் டூ-ஸ்ட்ரோக். அவற்றில் கேமும் கிராங்கும் ஒரே வேகம்!

அந்த எம்-2 எஞ்சின்களுக்குக் கனடா மாகாணங்களின் பெயர்கள். ஒன்டாரியோ, அல்பேர்ட்டா! சிலிண்டர் 12. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம். 948 சி.சி. மொறிஸ் மைனரின் முழு எஞ்சினைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு, ஒரே சிலிண்டருக்குள்!

அந்த எஞ்சினின் கேம் இன்லெட் வால்வைத் தொடுவதே இல்லை. இன்லெட் வால்வே கிடையாது! ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வு. நான்கும் எக்ஸாஸ்ட்!

வேலையில்லாத கேம் ஷாஃப்டைப் பார்த்திருக்கிறீர்களா? லோட்டஸ் ட்வின் கேம் எஞ்சினில் இருக்கிறது! மேலே இரண்டு புதிய கேம்கள் வந்துவிட்டன. கீழே ஃபோர்ட் பிளாக்கில் பழைய தண்டின் இடம் அப்படியே. அங்கே சுழலும் தண்டு வால்வு எதையும் தூக்காது. டிஸ்ட்ரிபியூட்டரையும் எண்ணெய்ப் பம்பையும் சுழற்றிக்கொண்டிருக்கும். கராஜில் அது தனியாகக் கிடைத்தால் குழம்பிவிடாதீர்கள்!

அந்த லோட்டஸ் எஞ்சினின் தலைப்பகுதியை வடிவமைத்த ஹாரி மண்டி அப்போது என்ன வேலை பார்த்தார்? கார்ப் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர்! பத்திரிகைக்காரர் வரைந்த எஞ்சின். எங்கள் இனத்துக்கே பெருமை!

இரட்டைக் கேம் புதுமை என்று நினைத்தீர்களா? பியூஜோ பந்தயக் கார் இரட்டைக் கேமோடும் சிலிண்டருக்கு நான்கு வால்வோடும் பிரெஞ்சு கிராண்ட் பிரீயை வென்ற ஆண்டு 1912!

வால்வைத் திறக்க ஒரு கேம், மூட இன்னொரு கேம்! 1955-இன் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். பந்தயக் கார் அப்படித்தான். வால்வு ஸ்பிரிங்கே இல்லை!

கேம் என்னும் கருவி காரோடு பிறந்ததா? இல்லவே இல்லை. அல் ஜஸரி தன் இயந்திர நூலில் கேம்களை வரைந்து காட்டியது 1206-இல்!

1989-இல் ஹோண்டா ஒரே தண்டில் இரண்டு குணத்தை ஒளித்து வைத்தது. மெதுவான ஓட்டத்துக்கு ஒரு மூக்கு, வேகத்துக்கு ஒரு மூக்கு. அதுதான் வி-டெக்! மின்சாரக் காரில் எத்தனை கேம் ஷாஃப்ட்? பூஜ்யம்!

இரும்பா, உருக்கா என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். நூலில் கட்டித் தொங்கவிட்டு லேசாகத் தட்டுங்கள். உருக்குத் தண்டு கணீரென்று ஒலிக்கும். வார்ப்பிரும்பு மந்தமாக முனகும். மூக்குகளுக்கு நடுவில் உள்ள வார்ப்புக் கோட்டையும் பாருங்கள். மெல்லிய கோடு என்றால் வார்ப்பு. அகலமான தழும்பு என்றால் அடித்து உருவாக்கிய உருக்கு!

நல்ல கேமின் மூக்கில் அரத்தை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அரம் கடித்தால் அந்தக் கேம் முடிந்தது. அவ்வளவு கடினமான வார்ப்பிரும்புத் தண்டைச் சிமெந்துத் தரையில் நழுவவிட்டால்? பிஸ்கட்டை ஒடித்தமாதிரி இரண்டாகிவிடும்! அதனால் கவனமாகக் கையாள வேண்டும்.

மறுசாணை பிடித்த கேமைக் காட்டிக்கொடுப்பது மூக்கு இல்லை, முதுகு! முட்டையின் உருண்டைப் பக்கத்தைச் சிறிதாக்கினால்தான் மூக்கு பெரிதாகும். அதனால் முதுகு மெலிந்த கேம் என்றாலே யாரோ எப்போதோ கை வைத்திருக்கிறார்கள்!

பழைய கேமுக்குப் புது டேப்பட் போடலாம். புதுக் கேமுக்குப் பழைய டேப்பட்? கூடவே கூடாது! முதல் 20 நிமிட ஓட்டத்திலேயே மூக்கு மழுங்கிவிடலாம். அந்த 20 நிமிடமும் ஐட்லிங்கில் விடாமல் 2,000 சுற்றுக்கு மேல் ஓட்ட வேண்டும். எண்ணெயில் துத்தநாகச் சேர்மானம் இருப்பது அவசியம்!

கடைசியாக ஒரு மலைநாட்டுக் கணக்கு. பந்தயக் கேம் கிடைத்துவிட்டது, மைனரில் போட்டு நுவரெலியாவுக்கு ஏறலாம் என்று நினைக்கிறீர்களா? வேண்டாம்! 648-இன் இன்லெட் 70 டிகிரி வரை மூடாது. வேகம் குறைந்தால் உள்ளே வந்த காற்று திரும்பி ஓடும். காற்று ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் இழுத்துக்கொண்டு ஏறுவது, 230 டிகிரி சாதுக் கேம்தான்! மாகஸ்தோட்டையில் கடிகாரத்தோடு மோதும் அன்றைக்கு மட்டும் 648-ஐ வெளியே எடுங்கள்.

உங்கள் கராஜிலோ, பக்கத்துத் தோட்டத்துக் கொட்டகையிலோ நம்பர் இல்லாத தண்டு கிடந்தால், பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழுவுங்கள். அளந்து பாருங்கள். நான்கு எண்களையும் எந்த இடைவெளியில் அளந்தீர்கள் என்பதையும் ஒரு தகட்டில் குத்தி, கம்பியால் தண்டிலேயே கட்டிவிடுங்கள். அடுத்து எடுப்பவர் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியிருக்காது!